வயல்வெளி சென்சார்களுக்குத் திசை ஆண்டெனா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸில் ஓடும் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் ரேடியோ முறை) சென்சார் வலையமைப்பை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. கிணற்று நீர்மட்டம், மண் ஈரம், மழைமானி, ஏரி மதகு என்று நோடுகள், அதாவது சென்சாரும் ரேடியோவும் கொண்ட பெட்டிகள், சிதறிக் கிடக்கும். எல்லாம் ஒரே கேட்வேயிடம், அதாவது டேட்டாவை வாங்கி சர்வருக்கு அனுப்பும் நடுநிலையத்திடம், பேசும். ஒவ்வொன்றும் பேட்டரியில் ஓடும். நோடுகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மெஷ் வலையமைப்பு வேறு குணம் கொண்டது. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

திசை ஆண்டெனா சிக்னலைப் பெருக்குமா?

பெருக்காது. ஆண்டெனாவுக்குள் மின்சாரம் தின்னும் பாகம் எதுவும் இல்லை. ஏரித் தண்ணீரை நாலு மதகிலும் விடாமல் ஒரே மதகில் திருப்பிவிட்டால் அந்த வாய்க்கால் மட்டும் நிறைந்து ஓடும். மற்ற மூன்றும் காயும். அதேதான் இங்கேயும். 9 டிபிஐ (ஆண்டெனாவின் ஆதாய அளவு) யாகி ஒன்று, அதாவது பழைய டிவி ஆண்டெனா போல வரிசையாகக் கம்பிகள் கொண்டது, முன்பக்கம் ஏறத்தாழ 60 பாகை அகலத்துக்குள் ஆற்றலைக் குவிக்கிறது. பக்கவாட்டிலும் பின்னாலும் எடுத்துக்கொண்டதைத்தான் முன்னால் கொடுக்கிறது.

அனுப்பும்போது கிடைக்கும் இதே ஆதாயம் வாங்கும்போதும் கிடைக்கும். அனுப்பும் திறனைக் கூட்டினால் கேட்வேக்கு நம் குரல் கேட்கும். கேட்வே சொல்வது நமக்குக் கேட்காது. ஆண்டெனாவை மாற்றினால் இரண்டு பக்கமும் சரியாகும்.

எங்கள் நோடுகளிலிருந்து டேட்டா ஏற்கனவே வருகிறது. பிறகு எதற்குத் திசை ஆண்டெனா?

பேட்டரிக்கு. திசை ஆண்டெனா என்றதும் எல்லாரும் தூரத்தையே நினைக்கிறார்கள். சென்சார் வலையமைப்பில் அதன் பெரிய லாபம் அனுப்பும் நேரம் குறைவது.

லோராவில் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (எஸ்எஃப்), அதாவது சிக்னலை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற படி, 7 முதல் 12 வரை உண்டு. ஒவ்வொரு படி ஏறும்போதும் சுமார் 2.5 டெசிபல் கூடுதல் கேட்கும் திறன் கிடைக்கும். பதிலுக்கு அனுப்பும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும். 10 பைட் அளவீடு, லோராவானின் (லோரா மேல் ஓடும் வலையமைப்பு விதிமுறை) 13 பைட் தலைப்பு, ஆக 23 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டை 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அனுப்ப எஸ்எஃப் 12-இல் 1.48 நொடி ஆகும். எஸ்எஃப் 9-இல் 0.21 நொடி. எஸ்எஃப் 7-இல் 0.06 நொடி.

எஸ்எக்ஸ்1276 என்ற லோரா ரேடியோ சிப் 20 டிபிஎம் (அனுப்பும் திறனின் அளவு; 30 டிபிஎம் என்றால் 1 வாட்) திறனில் சுமார் 120 மில்லிஆம்பியர் இழுக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு பாக்கெட் என்றால் நாளுக்கு 96. எஸ்எஃப் 12-இல் அனுப்புவதற்கு மட்டும் ஆண்டுக்கு 1,730 மில்லிஆம்பியர்-மணி போகும். எஸ்எஃப் 9-இல் 240 போதும். 2,600 மில்லிஆம்பியர்-மணி 18650 செல் ஒன்றை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். தூக்கநிலை மின்னோட்டமும் பதில் கேட்கும் நேரமும் இதில் சேராது.

எஸ்எஃப் 12-லிருந்து 9-க்கு இறங்க 7.5 டெசிபல் வேண்டும். நோடோடு வரும் 2 டிபிஐ குச்சி ஆண்டெனாவைக் கழற்றி 9 டிபிஐ யாகி வைத்தால் ஏறத்தாழ அதே அளவு, 7 டெசிபல், கிடைக்கிறது. சிக்னலுக்கு ஏற்ப எஸ்எஃப்பைத் தானே மாற்றும் ஏடிஆர் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் சர்வரே சில பாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு எஸ்எஃப்பைக் குறைத்துவிடும். நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. ஏடிஆர் அணைத்து வைத்த நோடில் யாகி மாட்டிவிட்டு, பேட்டரி முன்போலவே தீர்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எஸ்எஃப் மாறாவிட்டால் பேட்டரியும் மாறாது.

யாகியை நோடில் வைப்பதா, கேட்வேயிலா?

நோடில். ஒரு நோடு பேச வேண்டியது ஒரே கேட்வேயோடு; அதற்கு ஒரு திசை போதும். கேட்வே நாலா பக்கமும் கேட்க வேண்டும். அங்கே 5 அல்லது 6 டிபிஐ ஃபைபர்கிளாஸ் ஆம்னி, அதாவது சுற்றிலும் சமமாக வீசும் ஆண்டெனா, சரி.

8 டிபிஐக்கு மேல் ஆம்னி வாங்கி உயரமான கோபுரத்தில் வைக்க வேண்டாம். அதன் செங்குத்து வீச்சு 15 பாகை அளவுக்குச் சுருங்கிவிடும். 30 மீட்டர் உயரத்தில் வைத்தால், வீச்சின் கீழ்விளிம்பு 230 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். கோபுரத்தடியில் இருக்கும் நோடுக்குச் சிக்னல் மோசம், 4 கிலோமீட்டரில் இருப்பதற்கு நன்றாக இருக்கிறது என்ற விசித்திரம் பெரும்பாலும் இதனால்தான்.

கேட்வே ஊரின் ஓரத்தில், அணைச் சுவர் மேலோ மலைச்சரிவிலோ இருந்து, நோடுகள் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் மட்டும் 90 அல்லது 120 பாகைக்குள் வீசும் பேனல் ஆண்டெனா வைக்கலாம். மூன்று பேனலை ஸ்ப்ளிட்டரால் சேர்த்து ஒரே கேட்வேயில் மாட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். மூன்றாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் 4.8 டெசிபலை விழுங்கும். பேனலால் வந்தது ஸ்ப்ளிட்டரில் போய்விடும்.

யாகி, பேட்ச், பரவளையம்: எது?

866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 34.6 சென்டிமீட்டர். ஆண்டெனாவின் அளவை அதுதான் தீர்மானிக்கிறது. 5 அல்லது 6 கம்பி யாகி அரை மீட்டர் நீளத்தில் 9 டிபிஐ தரும். வயலுக்கு இதுவே போதும். 12 டிபிஐ யாகி இன்னும் நீளும், வீச்சு 45 பாகைக்குக் குறுகும், காற்றில் ஆடும். சுவரிலோ பெட்டி மூடியிலோ ஒட்ட வேண்டுமென்றால் 6 முதல் 8 டிபிஐ பேட்ச் என்ற தட்டை ஆண்டெனா. பரவளையத் தட்டு இந்த அதிர்வெண்ணுக்கு மிகப் பெரிதாகிவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் இரண்டு மலைகளுக்கு நடுவே இணைப்பு போடுபவர்களுக்கு அது.

யாகி என்ற பெயர் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் 1926-இல் வெளிவந்த வேலையிலிருந்து வந்தது. சோதனைகளில் பெரும்பகுதியைச் செய்தவர் ஷின்தாரோ உடா. பெயர் ஹிதெத்சுகு யாகியோடு தங்கிவிட்டது. அதனால் யாகி-உடா என்று எழுதுவதே நியாயம்.

சட்டப்படி எவ்வளவு ஆதாயம் வரை வைக்கலாம்?

ஆண்டெனாவுக்குத் தனி வரம்பு இல்லை. வெளியேறும் மொத்தக் கதிர்வீச்சுக்குத்தான் வரம்பு. இந்தியாவில் இந்த அலைக்கற்றை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. அனுப்பியின் திறன் 1 வாட், கதிர்வீச்சுத் திறன் 4 வாட், அலைவரிசை அகலம் 200 கிலோஹெர்ட்ஸ் என்பது விதி. லோராவானின் இந்தியத் திட்டம் இன்னும் இறுக்கமாக 30 டிபிஎம் என்கிறது.

கணக்கு எளிது: அனுப்பும் திறன் கூட்டல் ஆண்டெனா ஆதாயம் கழித்தல் கேபிள் இழப்பு. 14 டிபிஎம் நோடில் 9 டிபிஐ யாகி வைத்தால் 23, பிரச்சினை இல்லை. 20 டிபிஎம் நோடில் 12 டிபிஐ வைத்தால் 32. திட்டத்தின் வரம்பைத் தாண்டுகிறது. திறனை 17-க்கு இறக்குங்கள். ஃபர்ம்வேரில் ஆண்டெனா ஆதாயத்தை எழுதும் இடம் இருந்தால் அங்கே உண்மையான எண்ணைப் போடுங்கள். உரிமம் வேண்டாம் என்பதால் சாதனத்துக்கு ஒப்புதலும் வேண்டாம் என்று ஆகிவிடாது. ரேடியோ மாட்யூலுக்கு மத்திய அரசின் அலைக்கற்றைப் பிரிவான டபிள்யூபிசியின் இடிஏ (சாதன ஒப்புதல்) சான்று இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

3 கிலோமீட்டருக்கு வேலை செய்யுமா என்று முன்கூட்டியே எப்படிப் பார்ப்பது?

வெட்டவெளியில் 866 மெகாஹெர்ட்ஸில் முதல் கிலோமீட்டருக்கு இழப்பு 91 டெசிபல். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 கூடும். 3 கிலோமீட்டருக்கு 101. மரம், பயிர், தரை எல்லாவற்றுக்குமாக இன்னும் 40 வைத்துக்கொள்வோம், ஆக 141.

நோடு 14 டிபிஎம், யாகி 9, கேபிள் இழப்பு 0.5. கேட்வே ஆண்டெனா 5, அதன் கேபிள் இழப்பு 1. கூட்டிக் கழித்தால் கேட்வேக்குப் போய்ச் சேர்வது மைனஸ் 114.5 டிபிஎம். எஸ்எஃப் 7-க்குத் தேவையானது மைனஸ் 123. கையிருப்பு 8.5 டெசிபல். யாகிக்குப் பதில் 2 டிபிஐ குச்சி வைத்தால் கையிருப்பு 1.5 தான்; எஸ்எஃப் 10-க்கு ஏறினால்தான் அதே நிம்மதி கிடைக்கும், ஆறு மடங்கு அனுப்பும் நேரத்தோடு.

கோடையில் அளந்து 8 டெசிபல் கையிருப்பு வந்தால் அதைப் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி மழையில் இலைகள் நனைந்து நிற்கும்போதும், கரும்போ சோளமோ ஆளுயரம் தாண்டும்போதும் அது கரைந்துபோகும். வறண்ட காலத்தில் 15 இருக்கட்டும்.

யாகி மாட்டியும் முன்பைவிட மோசமாக இருக்கிறது. ஏன்?

முதலில் கேபிளைப் பாருங்கள். 866 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய ஆர்ஜி-174 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் இழக்கும். ஆர்ஜி-58 அரை டெசிபல். எல்எம்ஆர்-200 ஒரு டெசிபலில் மூன்றில் ஒரு பங்கு. எல்எம்ஆர்-400 ஒரு டெசிபலில் எட்டில் ஒரு பங்கு. தரையில் பெட்டி, 10 மீட்டர் கம்பத்தின் உச்சியில் யாகி, நடுவே ஆர்ஜி-58 என்றால் 5 டெசிபல் கேபிளிலேயே போய்விட்டது. தடித்த கேபிளுக்குச் செலவழிப்பதைவிட, ரேடியோ பெட்டியையே கம்பத்தின் மேல் ஏற்றி, அரை மீட்டர் கேபிளில் முடியுங்கள். சென்சாரின் வயர் எவ்வளவு நீளமாகக் கீழே இறங்கினாலும் பெரிதாகப் பாதகமில்லை.

அடுத்தது கனெக்டர். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ இரண்டும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும். ஆனால் நடுவில் ஊசியும் ஊசியும் மோதும், அல்லது ஓட்டையும் ஓட்டையும் சந்திக்கும். பார்க்க இறுக்கமாக இருக்கும், மின் தொடர்பு இருக்காது. திருகும் முன் நடுப்பகுதியைக் கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி. போர்டிலுள்ள சின்னஞ்சிறு யு.எஃப்.எல் கனெக்டர் 30 முறை கழற்றி மாட்டுவதற்கே செய்யப்பட்டது. மேசைச் சோதனையிலேயே அதைத் தேய்த்துவிடாதீர்கள். ஆண்டெனா இல்லாமல் ரேடியோவை அனுப்பவும் விடாதீர்கள், அனுப்பும் பகுதி கருகலாம்.

மூன்றாவது, கம்பிகளின் நிலை. கேட்வே ஆம்னி செங்குத்தாக நிற்கிறது. யாகியின் கம்பிகளும் செங்குத்தாக நிற்க வேண்டும். டிவி ஆண்டெனா பழக்கத்தில் படுக்க வைத்தால் 10 முதல் 20 டெசிபல் வரை போகும்.

நான்காவது, கம்பம். கம்பிகள் செங்குத்தாக இருக்கும்போது, அதற்கு இணையாக இரும்புக் குழாய் ஒன்று நடுவில் புகுந்தால் அதுவும் ஒரு கம்பியாக நடந்துகொண்டு வீச்சைக் கெடுக்கும். ஆகவே யாகியின் பின்முனையை, அதாவது மிக நீளமான கம்பிக்கும் பின்னால், கம்பத்தில் பிடிக்க வேண்டும். நடுவில் பிடிக்கும்படி செய்த யாகி என்றால் ஒரு மீட்டர் பக்கவாட்டுக் கை கொடுத்துக் கம்பத்திலிருந்து விலக்குங்கள். சோலார் பேனல் முன்னால் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் திசையில் திருப்புவது? துல்லியமாக வைக்கப் பெரிய கருவி வேண்டுமா?

வேண்டாம். 60 பாகை வீச்சுள்ள யாகியில் 10 பாகை தவறினால் இழப்பு வெறும் 0.3 டெசிபல். 20 பாகைக்கு 1.3, 30 பாகைக்கு 3. போன் வரைபடமும் திசைகாட்டியும் போதும். போனை இரும்புக் கம்பத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். இல்லையென்றால் கம்பம்தான் வடக்கு என்று காட்டும்.

திருத்தமாக வைக்க:

1. ஏடிஆரை அணைத்து, எஸ்எஃப்பையும் திறனையும் நிலைநிறுத்தி, 10 நொடிக்கு ஒரு பாக்கெட் அனுப்ப விடுங்கள்.
2. கேட்வே பக்கம் ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேரும் வலிமை), எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல்) இரண்டையும் பாருங்கள். ஒரு நிலைக்கு 10 பாக்கெட்டின் சராசரி. ஒற்றை பாக்கெட்டை நம்பாதீர்கள்.
3. கணித்த திசையிலிருந்து இடப்புறம் 15 பாகை வீதம் திருப்பி, உச்சத்திலிருந்து 3 டெசிபல் விழும் இடத்தைக் குறியுங்கள். வலப்புறமும் அப்படியே.
4. இரண்டு குறிகளுக்கும் நட்டநடுவில் வைத்து இறுக்குங்கள். உச்சம் தட்டையாக இருப்பதால் அதைத் தேடினால் ஏமாற்றும். விளிம்புகள் ஏமாற்றாது.
5. ஏடிஆரைத் திரும்ப இயக்குங்கள். இதை மறந்துவிட்டுக் கீழே இறங்குவது மிகச் சாதாரணம். 10 நொடிக்கு ஒரு பாக்கெட் என்ற அமைப்பும் அப்படியே நின்று பேட்டரி வேகமாகத் தீரும்.

எந்த எண்ணைப் பார்ப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிக்னல் இரைச்சலுக்குக் கீழே இருக்கும்போது ஆர்எஸ்எஸ்ஐ மைனஸ் 120-ஐ ஒட்டி அசையாமல் நிற்கும். அப்போது எஸ்என்ஆரைப் பாருங்கள். சிக்னல் நன்றாக இருக்கும்போது எஸ்என்ஆர் 10-ஐ ஒட்டி முட்டி நிற்கும். அப்போது ஆர்எஸ்எஸ்ஐ பேசும்.

நேர்ப்பார்வை இருக்கிறது, கேட்வே கண்ணுக்கே தெரிகிறது. ஆனாலும் சிக்னல் இல்லை.

கண்ணுக்குத் தெரிவது போதாது. அலை இரண்டு முனைகளுக்கு நடுவே சுரைக்காய் போலப் புடைத்துத்தான் போகும். அதற்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். 3 கிலோமீட்டர் இணைப்பில் நடுவே அதன் ஆரம் 16 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, சுமார் 10 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். கேட்வே 20 மீட்டர், நோடு 4 மீட்டர் என்றால் நடுவில் கோடு 12 மீட்டரில் போகும். வெறும் நெல்வயல் என்றால் சரி. தென்னந்தோப்பு என்றால் அடைபட்டுவிட்டது.

வீச்சு குறுகிய ஆண்டெனா வைத்தால் இந்த மண்டலமும் குறுகும் என்று சிலர் நம்புகிறார்கள். குறுகாது. அது தூரத்தையும் அலைநீளத்தையும் மட்டுமே சார்ந்தது. 12 டிபிஐ வாங்கும் காசுக்கு மூன்று மீட்டர் குழாய் வாங்கி உயர்த்துங்கள்.

நாமே யாகி செய்ய முடியுமா?

மூன்று கம்பி யாகி தாராளமாகச் செய்யலாம். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகம் 1976-இல் வெளியிட்ட அளவுகளை 866 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால்: 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினிய அல்லது பித்தளைக் கம்பி, பின்கம்பி 167 மில்லிமீட்டர், முன்கம்பி 153, கம்பிகளுக்கிடையே 69. நடுக்கம்பி இரண்டு துண்டாக, மொத்தம் 163 மில்லிமீட்டரில் தொடங்கி இரு முனையிலும் ஒரே அளவாக அரை அரை மில்லிமீட்டராகக் குறைத்து வாருங்கள். நானோவிஎன்ஏ என்ற ஆண்டெனா சோதனைக் கருவியில் 866-ஐ ஒட்டி விஎஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா திருப்பி அனுப்பும் ஆற்றலைக் காட்டும் எண்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 2-க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடலாம். 7 முதல் 8 டிபிஐ எதிர்பார்க்கலாம்.

தாங்கும் தண்டு பிவிசி அல்லது ஃபைபர்கிளாஸாக இருக்கட்டும். உலோகத் தண்டில் கம்பிகளைத் துளைத்துச் செருகினால் மேலே சொன்ன நீளங்கள் பொருந்தாது. கேபிளைத் தண்டோடு ஒட்டிப் பின்னால் கொண்டுபோங்கள். நடுக்கம்பியிலிருந்து நேராகக் கீழே தொங்கவிட்டால் கேபிளும் ஆண்டெனாவின் பாகமாகிவிடும்.

868 என்று அச்சிட்ட ஆண்டெனா சரியா? 915?

868 சரி. 915 வேண்டாம். குச்சி ஆண்டெனாவில் இந்த வித்தியாசம் கொஞ்சம் இழப்போடு போகும். யாகியில் அப்படி இல்லை. 915-க்கு வெட்டிய பின்கம்பி 866-க்குக் குட்டையாகிவிடும். பின்பக்கத் தடுப்பு தளரும், ஆற்றல் பின்னால் ஒழுகும்.

விஎஸ்டபிள்யூஆர் 1.1 என்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 2 இருந்தாலே இழப்பு அரை டெசிபல்தான். ஆற்றலை முழுக்க வெப்பமாக்கும் டம்மி லோடு 1.0 காட்டும், அது நல்ல ஆண்டெனா ஆகிவிடுமா?

பக்கத்தில் மொபைல் டவர் இருக்கிறது. பாதிக்குமா?

கேட்வேயைப் பாதிக்கும். 850 அலைக்கற்றையில் டவர் அனுப்புவது 869 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. நம்முடையது 867-இல் முடிகிறது. நடுவே இரண்டே மெகாஹெர்ட்ஸ். கேட்வேக்கு முன்னால், நம் அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் சா (SAW) வடிகட்டி போடுங்கள். மிக அருகில் என்றால் கேவிட்டி வடிகட்டி. பேனல் வைக்கும் இடமாக இருந்தால், நோடுகளைப் பார்த்து வைப்பதைவிட டவருக்கு முதுகைக் காட்டி வைப்பது சில சமயம் அதிகப் பலன் தரும். பின்பக்கத் தடுப்பு 15 டெசிபல் என்பது சின்ன எண் அல்ல.

மெஷ் வலையமைப்பில் திசை ஆண்டெனா வைக்கலாமா?

யோசித்துச் செய்யுங்கள். 802.15.4 என்ற குறைதிறன் ரேடியோ தரத்தில் ஓடும் மெஷ்ஷில் ஒவ்வொரு நோடும் பேசும் முன் காதுகொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் தான் பேசும். யாகி மாட்டிய நோடுக்கு முதுகுப்பக்கம் நடப்பது கேட்காது. அமைதி என்று நினைத்துப் பேசத் தொடங்கி மோதும். இன்னொன்று, பின்னாலிருந்து அண்டை நோடு கூப்பிட்டால் இதற்குக் கேட்காது. அது திரும்பத் திரும்பக் கூப்பிட்டுத் தன் பேட்டரியைத் தீர்க்கும். செவிட்டு நோடு சிக்கல் என்பது இதுதான். மேலே சொன்ன லோராவானில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நோடுகள் ஒன்றையொன்று கேட்பதே கிடையாது.

மின்னணு முறையில் திசை மாற்றும் ஆண்டெனாக்கள் இதற்கு ஒரு விடை. ஸ்வீடனின் எஸ்ஐசிஎஸ் ஆய்வகத்தில் உருவான ஸ்பைடா அப்படிப்பட்டது: நடுவில் ஒரு கம்பி, சுற்றி ஆறு கம்பிகள். ஆறில் ஒன்றை மட்டும் விடுவித்து மற்றவற்றைத் தரையோடு இணைத்தால், விடுவித்த பக்கம் வீச்சு திரும்பும். அண்டை நோடுகளைத் தேடும்போது எல்லாப் பக்கமும், டேட்டா அனுப்பும்போது ஒரு பக்கம் என்று மென்பொருளே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் யாருக்கு எந்தத் திசை என்ற பட்டியலை ஒவ்வொரு நோடும் வைத்துப் புதுப்பிக்க வேண்டும். கடையில் வாங்கி மாட்டுகிற பண்டமாக இதை நினைக்க வேண்டாம். மெஷ்ஷில் ஒரே ஒரு நீண்ட தாவல் மட்டும் தொல்லை தருகிறது என்றால், அந்த இரண்டு முனைக்கும் யாகி வைத்து, மற்ற நோடுகளை விட்டுவிடுங்கள்.

மாட்டுக் கழுத்துப் பட்டைக்கு?

கூடாது. மாடு திரும்பும்.

மழைக்குப் பிறகு ஒரு நோடு மட்டும் மெல்ல மங்குகிறது.

மழை நின்றதும் தேறிவிட்டால் இலை ஈரம். தேறாமல் வாரக்கணக்கில் இறங்கினால் கனெக்டருக்குள் தண்ணீர். கேபிளின் கறுப்புத் தோலைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். உள்ளிருக்கும் செப்பு வலை பச்சை பிடித்திருந்தால் அந்தக் கேபிளைத் துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். புதிதாக மாட்டும்போது தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வெயில் ரப்பரைத் தின்னாமல் இருக்க. பெட்டிக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு முறை கீழே வளைந்து மேலேறட்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். யாகியின் நடுக்கம்பிப் பெட்டியில் ஒரு சிறு துளை இருக்கும். அது கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிடுபவர்கள் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

திடீரென்று ஒரே நாளில் விழுந்தால் திசை மாறியிருக்கும். ஒற்றை யு-போல்ட்டில் பிடித்த யாகி பலத்த காற்றில் சுழன்றுவிடும்; இரண்டு போடுங்கள், கம்பத்தில் திசையைப் பெயின்டால் கோடிட்டு வையுங்கள். அடுத்த முறை கீழே நின்றே தெரிந்துவிடும். காக்கை உட்கார்ந்து கம்பி வளைந்திருப்பதும் அப்போது கண்ணில் படும்.